எல்கம்மாவுக்குத் துணை

துணைக்குப் போகிற வேலையில் கைக்கு வேலை கிடையாது. பயப்படுவதுதான் வேலை, அதை நான் ஒரு குறையும் வைக்காமல் செய்தேன்.

இதையெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதுகூடப் பெரிய பயமில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியலும் கலவரமும் நடந்த வருஷங்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யார் பேசினாலும், பேச்சைக் கேட்பதற்கு முன்னால் பேசுகிற ஆளைத்தான் அளந்து பார்ப்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நாளில் என் கவலை ஒன்றே ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போனவள் சாயங்காலம் என் மகள் கஸ்தூரியிடம் பத்திரமாகத் திரும்ப வேண்டும். திரும்பும்போது எங்கள் காலனியில் கூரைகள் கூரைகளாகவே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அடுத்தவர் வீட்டில் நின்றுகொண்டு தன் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்ல விட்டதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுத்தது

கச்சிராயபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி. வருஷத்தில் பாதி பனி பெய்கிற தேசமாம். அவர் பெயர் யோகான். மலை ஊர்களில் கிணறு தோண்டித் தருகிற இன்ஜினியர். அந்தம்மா ஹெல்கா, நர்ஸ். கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பார், ஊசி போடுவார். ஹெல்கா எங்கள் வாயில் நுழையாமல் எல்கம்மா ஆகிவிட்டார்.

எல்கம்மா ஜீப்பில் டிரைவரோடு தனியாக மலைக்குப் போவதைப் பார்த்து ஊர் பேச ஆரம்பித்தது. வீட்டுச் சொந்தக்காரர் போய், இந்தப் பக்கத்தில் பொம்பளை அப்படித் தனியாகப் போகமாட்டாள், கூட ஒருத்தியை வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். தேசம் விட்டுத் தேசம் வந்தவருக்கு அது கோபமாக இருந்திருக்கிறது. இருந்தாலும் ஆளைத் தேடினார்கள். நான் போய், என் பெயர் அஞ்சலை என்று சொல்லி நின்றேன். இங்கிலீஷ் தெரியுமா, தெரியாது. காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியுமா, ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டும். மலைப் பாதையில் ஜீப்பில் போனதுண்டா, இல்லை. என்ன காரணமோ, எல்கம்மா சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார். முதல் நாளே கோமுகி அணை தாண்டி வண்டி வளைவில் ஏறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டு எல்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ராமலிங்கம் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “துணைக்கு ஆளு வேணும்னாங்க. துணை தேவைப்படற ஆளா பாத்து புடிச்சிக்கினு வந்துட்டாங்க.”

வெயில் காய்ந்தவர்

சித்திரை மாதம் நாய்கூட வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கும். அந்த வெயிலில் யோகான் அரைக்கால் சட்டையோடு மொட்டை மாடியில் பாயை விரித்து, முகத்தை மேலே காட்டிக்கொண்டு படுத்திருந்தார். எதிர்வீட்டு செண்பகம் முதலில் பார்த்தாள். மயங்கிக் கிடக்கிறார் என்று அவள் போட்ட சத்தத்தில், கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாடி ஏறினார்கள். ஒருவர் கால்மாட்டில், ஒருவர் தலைமாட்டில். தூக்கப் போகும்போது மனுஷன் கண்ணைத் திறந்து வணக்கம் சொன்னார்.

எல்கம்மா அன்றைக்கு என்னிடம் அவர்கள் ஊர்ப் படம் ஒன்றைக் காட்டினார். மத்தியானத்தில் எடுத்ததாம், தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல அவர் வெயிலைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. செண்பகத்துக்கு அதை எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: “இத்தினி நெழலு வூட்டுக்குள்ள சும்மா கெடக்குது. அத்த உட்டுட்டு மேல போயி காயறாரே, அவங்கம்மா பாத்தா இன்னா நெனைக்கும்?”

தலைவலி

சாயங்காலமானால் எல்கம்மாவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். தெருவுக்கோ, யோகான் வெளியூர் போயிருக்கும்போது அந்தம்மாவைத் தனியாக விடக் கூடாது. செண்பகம் பிள்ளைகளோடு வருவாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் எல்கம்மா என்னிடம், எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும் என்று அவர்களிடம் சொல்லு என்றார்.

எப்படிச் சொல்வது? வாசலில் நிற்கிறவர்களிடம் அதைச் சொல்ல என்னிடம் வார்த்தையே இல்லை. யோசித்து யோசித்து, அம்மாவுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். போனார்கள். கொஞ்ச நேரத்தில் சுக்கை உரசி எடுத்துக்கொண்டு ஒருத்தி, நொச்சித் தழையோடு ஒருத்தி, ஆவி பிடிக்கப் போர்வையோடு செண்பகம். எல்கம்மா நெற்றியில் பற்றோடு உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தூங்கினால் சரியாகிவிடும், எல்லோரும் கிளம்புங்கள் என்று நான் இழுத்தேன். செண்பகம் என் மேல் பாய்ந்தாள்: “தலவலின்னு தெரிஞ்சும் தனியா உட்டுட்டு போறதுக்கு நாங்க இன்னா கல்லா?”

பயத்துக்கு மருந்து

எல்கம்மாவிடம் எனக்குப் பிடித்தது, அவருக்கும் பயம் உண்டு என்பது. அவருடைய பயங்களுக்கு ஒழுங்கு இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பார். கொசுவலைக்குள்தான் படுப்பார். மலேரியாவுக்கு மாத்திரை, பாம்புக்கு டார்ச் லைட்டு, வெயிலுக்குத் தொப்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். என் பயங்கள் அப்படியில்லை. ஒன்று போனால் இன்னொன்று வந்து அதே இடத்தில் உட்காரும்.

அந்த நேரத்தில்தான் மறியல் தொடங்கியது. திடீர் திடீரென்று பஸ் நின்றுவிடும். உளுந்தூர்பேட்டை போன பஸ் எலவனாசூர்கோட்டையோடு திரும்பி வந்தது என்பார்கள். கூரைகள் எரிந்த ஊர்களின் பெயர்கள் டீக்கடையிலிருந்து எங்கள் காலனிக்கு வரும். எங்கள் ஆட்கள் பொழுது சாய்ந்ததும் வயசுப் பெண்களைக் கரும்புக் கொல்லைக்குள் அனுப்பி வைத்தார்கள். கஸ்தூரியும் போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்கம்மா, உனக்கு எதைக் கண்டு பயம் என்று கேட்டார். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான் தூரம் என்று சொன்னேன். அந்தப் பக்கத்து ஆட்களும் எங்களைப்போலவே கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஒரே கொல்லையில் ஒன்றாகக் களை எடுத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். பார்த்தால் எப்படி வித்தியாசம் தெரியும் என்று கேட்டார். பார்த்தால் தெரியாது என்றேன். மெட்ராசில் வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர், நிறுத்தி நிறுத்திப் பேசினார்: “பாம்பு எனக்குப் புரியுது. இது புரியலை.”

ரோட்டில் புளியமரம்

மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். அணை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். நிறையப் பேர் நின்றார்கள். ராமலிங்கம் வண்டியை நிறுத்தினார். எல்கம்மாவைப் பார்த்ததும் அவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. எந்த நாடு, வெயில் ஒத்துக்கொள்கிறதா, ஊசி போடுகிற அம்மாவா என்று அன்பாக விசாரித்தார்கள். ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். வயசானவர் ஒருவர், எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டும் கொல்லைக்குத்தான் திரும்பி வருகிறார்கள், அதற்காகத்தான் இப்படி ரோட்டில் நிற்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. படிப்பும் வேலையும்தானே கேட்கிறார்கள், அது என் மகளுக்கும் வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு இளைஞன் பின் சீட்டுப் பக்கம் வந்து, இவங்க யாரு என்றான். துணைக்கு வருகிறவர், ஆஸ்பத்திரி ஆள் என்று ராமலிங்கம் முந்திக்கொண்டு சொன்னார். எந்த ஊர் என்று கேட்டான். ஊரைச் சொன்னேன். “ஊரு சரி. எந்தத் தெருவு?” என்றான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். கல்யாண வீட்டில், பஸ்ஸில், டீக்கடையில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பதில் சொன்னதும் சிரிப்பு இருக்கிறதா போனதா என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம். எல்கம்மா இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது, சொல்லேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். அவரிடம் யாரும் ஜென்மத்தில் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டத்தில் ராமலிங்கத்தின் சித்தப்பா மகன் இருந்தான். அவன் வந்து, நம்ம அண்ணன் வண்டி, விடுங்கடா என்றான். மரத்தின் நுனியைக் கொஞ்சம் இழுத்து வழிவிட்டார்கள். அந்த இளைஞன் மட்டும் ஜன்னல் பக்கம் குனிந்து, மரியாதையாகவே சொன்னான்: “நீங்க எப்ப வேணா போலாம்மா, வரலாம்மா. இவங்கள நாளைக்கு கூட்டிக்கினு வராதீங்க.”

மெட்ராஸ் போகிற வழி

அன்றைக்கே மெட்ராசில் இருக்கிற அவர்கள் ஆபீசிலிருந்து தகவல் வந்திருந்தது, சீக்கிரம் கிளம்பி வந்துவிடுங்கள் என்று. எல்கம்மா என்னை உட்கார வைத்து, நீயும் மகளும் எங்களோடு வாருங்கள் என்றார். மனசாரக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. வந்துவிடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன்.

வெளியில் ராமலிங்கம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கத்து ஆள். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நான் வருகிறேன் என்று சொன்னதும் துணியைக் கீழே வைத்துவிட்டார். உன்னை ஏற்றமாட்டேன் என்று சொல்வாரோ என்று நினைத்தேன். ஏத்திக்கினு போறேன், அது பெரிசில்ல, இன்னைக்கு என் தம்பி நின்றான் என்று சொன்னவர், அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மெட்ராசு வரைக்கும் எத்தினி மரம் கெடக்குதோ, அத்தினி எடத்துலயும் தெருவு கேப்பாங்க, அஞ்சல. எல்லா எடத்துலயும் எனக்கு தம்பி இல்ல.”

கீழ்நாடு

எல்கம்மாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். இரவெல்லாம் அதையே நினைத்தேன். கிழக்கே எங்கே போனாலும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் போய் நிற்கும். அதைக் கேட்காத இடம் ஒன்று உண்டா என்று யோசித்தபோது மேற்கே பார்த்தேன். விடிந்ததும் கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை துணியோடு, ரோட்டைத் தொடாமல், விறகுக்குப் போகிறவர்கள் ஏறுகிற தடத்தில் மலை ஏறினேன். வளைவில் கண்ணை மூடுகிறவள், அன்றைக்கு மூடவில்லை. மகள் பின்னால் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன்.

வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே பொன்னி என்று ஒருத்தி, எல்கம்மாவிடம் பிள்ளைக்கு ஊசி போட வருகிறவள், சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஜீப் இல்லாமல், வெள்ளைக்காரம்மா இல்லாமல் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மலைக்காரர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. வெளியாளை அடுப்பங்கரைக்குள் விடமாட்டார்கள். ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. அது எல்கம்மாவுக்கும் உண்டு, வனத்துறை அதிகாரிக்கும் உண்டு. நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எட்டியே நின்றேன். கீழே கலவரம், கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டுமா என்று கேட்டேன்.

பொன்னி, உனக்கு எந்த ஊர் என்றாள். ஜீப்பில் வந்த நாட்களில் அவள் கேட்டதே இல்லை. ஊரைச் சொன்னேன். அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கஸ்தூரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னிக்கு அந்த ஊர் தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று யோசித்தாள், அணைக்கு அந்தப் பக்கமா என்றாள், தலையாட்டினேன். அவளுக்கு அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஊசி போடுகிற கொட்டகையைக் கூட்டி, தங்கிக்கொள்ளுங்கள் என்று காட்டினாள். எட்டிப் பார்த்த மற்றப் பெண்களிடம் திரும்பி எங்களை அறிமுகம் செய்தாள்: “கீழ்நாட்டு ஜனங்க. நம்ம சாமச் சோறு ஒத்துக்குமோ என்னவோ, பாவம்.”

ரோட்டில் மரமெல்லாம் அகற்றிவிட்டார்கள், பஸ் ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் இறங்கினோம். எங்கள் கூரை இருந்தது. பக்கத்து ஊர்க் காலனியில் இல்லை.

பிறந்த ஊரில் ஊர்க்காரியாக இருந்தவரைக்கும் எனக்குக் கிடைக்காத பத்திரம், மலை ஏறிப்போய் யாரென்றே தெரியாத வெளியாளாக ஆன அன்றைக்குத்தான் கிடைத்தது.