சோடித் துணிக்கைகள்

இரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பௌதிகவியல் டீச்சரான கமலாட்சிக்கு வாய் நிற்காது. சந்தைக்குப் போனாலும் அணுவைப் பற்றித்தான் பேச்சு. 2008ஆம் ஆண்டு மாத்தளை டியூஷன் வகுப்பில் அவள் விடாமல் சொன்னது ஜப்பான்காரர்களின் பரிசோதனையைத்தான். எலெக்ட்ரோனையும் பொசிட்ரோனையும் மோதவிட்டால் துணிக்கைகள் சோடியாகப் பிறந்து ஆளுக்கொரு பக்கம் ஓடும். எது எந்த வகை என்று இரண்டுக்குமே தீர்மானமாகியிருக்காது. ஒன்று உடைந்து சிதறும்போது கருவி அந்தச் சிதறலைப் பிடித்து வகையைச் சொல்லும். அந்தக் கணமே மற்றது எதிர் வகை.

"போனும் இல்ல, தூதும் இல்ல, பிள்ளைங்களா!" என்று துள்ளுவாள்.

அவள் கணவர் சுந்தரலிங்கம் த்ரீவீல் ஓட்டினார். பக்கத்து வீட்டுப் புஹாரி தினமும் அதில்தான் தன் மிளகுக் கடைக்குப் போவார். ஒரு காலை அலுவிகாரைக்கருகில் வெறும் வண்டிதான் நின்றது. இருவரையும் வேனில் ஏற்றினார்கள் என்று சொன்னவர்களும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பிறகு கமலாட்சிக்கு ஒரு போன் வந்தது. ஒருவனை விட்டுவிட்டோம், மற்றவன் ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் என்றது ஒரு சிங்களக் குரல். எவன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாங்கில் கமலாட்சியும் புஹாரியின் மனைவி கைறுன்னிஸாவும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் வேண்டுதல் பலித்தால் மற்றவள் விதவை. பார்க்கும்வரை எதுவும் தீர்மானமில்லை என்று கமலாட்சி மனதைத் தேற்றினாள். பைத்தியக்கார நினைப்பு! துணிக்கைக்குச் சரி, மனிதருக்கு எப்படிச் சரியாகும்? கதவுக்குப் பின்னால் அது எப்போதோ முடிந்துபோன காரியம்.

"எனக்கு ஏலா, டீச்சர். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் கைறுன்னிஸா.

உள்ளே ஊழியர் துணியை விலக்கினார். புஹாரி.

கமலாட்சிக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல், நெஞ்சு முட்ட வந்தது. தன் கணவர் உயிரோடு இருக்கிறார்! உடனே, வெளியே காத்திருப்பவளின் நினைவு வந்தது. குழாயில் முகத்தைக் கழுவினாள். எதுவும் தெரிந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

கைறுன்னிஸா அந்த முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள்.

"அப்ப ஒங்கட மாப்புள வந்துருவாரு, டீச்சர்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அலறினாள்.