கிடைக்காத சீட்டுக்கு ஸ்தோத்திரம்

மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். எங்கள் ஊர் சித்தூர் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது; பெண் மேலே படிக்க எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கல்லூரியிலிருந்து பதில் வந்தது. எங்கள் பழைய மாணவி ஒருவர் திருப்பதியில் தலைமையாசிரியையாக இருக்கிறார், அவரைப் போய்ப் பார்க்கவும், பேசிப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுவார் என்றிருந்தது. அவ்வளவுதான். பேசிப் பார்க்கக் கூப்பிட்டால் சேர்த்துக்கொண்டதாக அர்த்தமா? எங்கள் வீட்டில் அப்படித்தான் அர்த்தம்.

அந்த ஞாயிறே நைனா, அதாவது என் அப்பா, வேதக்கோவிலில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். உபதேசியார் சபைக்கு முன்னால் நின்று, "நம்ம சபைப் பொண்ணுக்கு பட்டணத்துல சீட்டு கெடச்சிருக்குது" என்று அறிவித்தார். சீட்டு இல்லையென்றால் கல்யாணம் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள், மாப்பிள்ளைகூடத் தயார்.

"இன்னும் கெடைக்கலையே நைனா" என்றேன்.

"அவிசுவாசமா பேசாத" என்றார்.

நைனா மட்டும் கூட வந்தால் போதாதா? அம்மாவும் வந்தாள், உபதேசியாரும் வந்தார், பங்காருபாளையத்து மாம்பழம் ஒரு கூடையும் வந்தது. திருப்பதி வரைக்கும் ரயிலில் அந்தக் கூடை என் மடியில்தான்.

தலைமையாசிரியை வீட்டுக்குப் போனோம்; கூடையைப் பார்த்ததுமே அவர் முகம் சுளித்தார். "இதைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன படிக்கணும்னு ஆசை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் "சரித்திரம்" என்றார் நைனா. எனக்குக் கணக்குதான் உயிர்.

"எந்தப் புத்தகம் பிடிக்கும்?"

"வேதாகமம்" என்றார் உபதேசியார்.

"வீட்டை விட்டுட்டு இருந்துக்குவியா?"

"அழுதுகினே கெடப்பா" என்றாள் அம்மா.

"அவளைக் கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றார் தலைமையாசிரியை.

"பேசுவாம்மா, கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றார் நைனா. எனக்கா கூச்சம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சீட்டை என் கண் முன்னாலேயே மூன்று பேருமாகச் சேர்ந்து கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் ஜெபம் பண்ணாமல் எழுந்திருக்க மாட்டார்கள். அதிலும் எங்கள் உபதேசியார் கண்ணை மூடினால் லேசில் திறக்க மாட்டார். அன்றும் மூடினார். நைனாவும் அம்மாவும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். கிடைத்த சீட்டுக்காக ஸ்தோத்திரம் என்று உரத்த குரலில் ஜெபம் ஆரம்பித்தது. ஆத்திரத்தில் நான் கண்ணை மூடவில்லை. பார்த்தால், தலைமையாசிரியையும் மூடவில்லை. நாற்காலியை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, "இப்ப நீ சொல்லு" என்றார், குரலைத் தாழ்த்தி.

கணக்கு படிக்க வேண்டும் என்றேன். அழ மாட்டேன் என்றேன்.

"எதுக்குப் படிக்கணும்?"

"என்னைக் கேட்டா நானே பதில் சொல்ற மாதிரி ஒரு எடம் வேணும்மா."

உபதேசியார் ஆதாமில் தொடங்கி அப்போதுதான் மோசேக்கு வந்திருந்தார். எங்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது.

ஜூன் மாதம் நிஜமாகவே சீட்டு கிடைத்தது. மறுபடியும் கோவில், மறுபடியும் காணிக்கை. சாட்சி சொல்ல எழுந்தது வேறு யார், நைனாதான்.

"கேட்ட கேள்விக்கெல்லாம் எம் பொண்ணு டாண் டாண்ணு பதில் சொன்னா. என் காதால கேட்டேன்" என்றார்.

சபை மொத்தமும் ஆமென் என்றது. அன்றைக்கு நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை.