பெரியவளுக்குச் சொல்லாத சேதி

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அக்காவும் தங்கையும் வேலை பார்த்தார்கள். பெரியவள் அங்கே மேற்பார்வையாளர். சின்னவளுக்கு, துவைத்த விரிப்புகளை இயந்திரத்திலிருந்து அள்ளி இஸ்திரிக்குக் கொடுக்கும் வேலை. குனிந்து அள்ளும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், மண்டை பிளக்கும், முகம் வெளுத்து, ரவிக்கை தொப்பலாக நனையும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அப்படி அடங்கியதுதான் அவளுக்கு வினையாயிற்று.

“வேலைன்னா இவளுக்கு வேர்த்துக் கொட்டும். சாப்பாட்டு மணி அடிச்சா சரியாயிடும்” என்று பெரியவள் எல்லோர் முன்னாலும் சொல்வாள். கூடமே சிரிக்கும். ஒருநாள் சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவளைத் துணி அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

“நடிச்சு முடிச்சதும் கதவைத் தட்டு!”

அந்த வாரமே வேலையும் போயிற்று. “கூடப் பொறந்தவளே சொல்றா, நான் யாரை நம்புறது?” என்றான் சின்னவளின் புருஷன். இதற்கு ஒருநாள் பதில் சொல்லியே தீருவது என்று சின்னவள் அன்றைக்கே மனதில் கறுவிக்கொண்டாள்.

பிறகு இடுப்போரம் வலி வந்தது. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள்.

“கல்லு இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. “ஆனா நாங்க தேடாத ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு. சிறுநீரகத்துக்கு மேல அட்ரீனல்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஒரு கட்டி.”

“புத்துநோயா?”

“பயப்படாதீங்க. இப்படித் தற்செயலாக் கிடைக்கிற கட்டி பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. கொழுப்புக் கட்டின்னா ஸ்கேன்லயே தெரியும், விட்டுடுவோம். இது அப்படித் தெரியல. ஹார்மோன் ஏதாவது அதிகமாச் சுரக்குதான்னு பார்க்கணும். அது தெரியாம ஊசியால குத்தி சதை எடுத்தா ஆபத்து. உங்களுக்கு அடிக்கடி படபடப்பு வருமா? வேர்க்குமா?”

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. சின்னவள் உடைந்து அழுதாள்.

ஒரு நாள் முழுக்க சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்தாள். ஹார்மோன் தாறுமாறாக ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்து முதலில் ரத்த அழுத்தத்தைப் படிய வைத்தார்கள். பிறகே சிறு துளை போட்டுக் கட்டியை எடுத்தார்கள். படபடப்பு அதோடு ஒழிந்தது.

மரபணுப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா கேட்டார். “இது குடும்பத்துல ஓடுற வகை. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு அக்கா.”

“உடனே சொல்லுங்க.”

“சொல்றேன்.”

அவள் சொல்லவில்லை.

உறவினர் வீட்டில் பெரியவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அக்காவின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. “வயசாகுதுல்லக்கா, அப்படித்தான் இருக்கும்” என்று இனிக்க இனிக்கச் சொன்னாள். வீடு திரும்பி வயிறாரச் சாப்பிட்டாள்.

அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று புருஷன் வந்து சொன்னபோதுதான் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். இந்தக் கட்டி உள்ளவர்களுக்கு மாத்திரையால் ரத்த அழுத்தத்தை அடக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா செத்துப்போனால் பிறகு யாரிடம் கணக்குத் தீர்ப்பது?

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போய், வேலையாட்கள் நடுவில் நின்றாள்.

“அக்கா, ஆபரேஷனை நிறுத்து. எனக்கு இருந்த கட்டி உனக்கும் இருக்கலாம். முதல்ல டெஸ்ட் எடு. இது எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு.”

“ஏன்டி சொல்லல?”

“என்னைத் துணி அறையில அடைச்சியே, அதுக்குத்தான். இப்பவும் பாசத்துல வந்தேன்னு நினைச்சுக்காத.”

பெரியவள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு டெஸ்டுக்குப் போனாள்.

பெரியவளுக்கும் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. காலத்தோடு எடுத்தார்கள், பிழைத்தாள். தங்கை தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று உறவு முழுக்கச் சொல்லி வருகிறாள். சின்னவள் மறுத்ததே இல்லை. இப்போது வேறொரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். ஆண்டுப் பரிசோதனைக்குப் போகும்போது அக்காவும் காட்டுகிற அதே டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வாள்: “அவ வர்ற அன்னிக்கு என்னை வரச் சொல்லாதீங்க.”