தூண் மண்டபத்தை அள்ளிச் சென்றவன்

அந்த லோரியை ஓட்டியவன் நான்தான்.

கிள்ளானில் ஞாயிறு மாலைதோறும் தகரவேலிக்கு முன்னால் கூடி, "எங்கள் மண்டபத்தை இருந்தபடியே கட்டிக் கொடு!" என்று குரல் எழுப்புகிறார்களே, அவர்கள் சபிக்கும் லோரிக்காரன் வேறு யாருமில்லை. அதே கூட்டத்தில் பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான்தான்!

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். பேசமாட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழியைக் கூச்சத்தின் மேல் போட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டிய மண்டபம் அது. முன்புறத் தூண்களை ஒவ்வொரு கூலிக் குழுவும் தன் விருப்பப்படி எழுப்பியது. அதனால் ஒரு தூணைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் வாழைத்தார், ஒன்றில் நங்கூரம், ஒன்றில் மீன்கள், ஒன்றில் புகை கக்கும் கப்பல்... எல்லாம் சுண்ணாம்புச் சுதை வேலை. தூண் மண்டபம் என்றுதான் சொல்வோம்.

தைப்பூசத்தன்று அதை இடித்தார்கள். ஊரே பத்துமலை முருகன் கோயிலில் இருந்தது. என்ன தந்திரம் பாருங்கள்! மண்டபம் நின்ற நிலத்தை வாங்கியவருக்கு எங்கள் திருநாள் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. பால்குடம் எடுக்கப் போனவர்கள் வீடு திரும்புவதற்குள் ஒரு மண்டபத்தைக் காணாமல் ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் நானும் சேர்த்திதான்.

அதற்கு முந்தின நாள், வேலையை எடுத்திருந்த குத்தகையாளர் கூப்பிட்டு, "மண்டபத்துக் கூரை விழற மாதிரி இருக்கு லா. ஒடஞ்சத மட்டும் அள்ளிக் கொட்டிடு" என்றார். காலையில் போய் நின்றேன். இயந்திரத்தின் கை கூரையில் இல்லை, தூணில் இருந்தது.

"பாஸ், இது ரிப்பேர் மாதிரி தெரியலையே..."

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ என்ன இஞ்சினியரா? லோரிய ரிவர்ஸ் எடு."

எடுத்தேன். அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்க முடியாதா? முடியும். யாரும் என் கையைக் கட்டிப்போடவில்லை.

இடிபாடுகளை அதற்கென்று உள்ள குப்பைமேட்டில் கொட்ட வேண்டும். எங்கள் தொழிலில் பலர் அப்படிச் செய்வதில்லை. மழை பெய்தால் தோட்டத்து மண்சாலை சேறாகிவிடும். பள்ளத்தை அடைக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுபோனால் வேண்டாம் என்று சொல்வாரில்லை. கேரி தீவில், ஒரு செம்பனைத் தோட்டத்தின் உள்சாலையில், தூண் மண்டபத்தைக் கொட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம் கூடியது. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கேதான் மேரி அக்கா என்னைப் பிடித்தார். ஓய்வுபெற்ற தாதி. மண்டபம் விழுந்த அன்று பத்துமலையில் முதலுதவிப் பந்தலில், மயங்கி விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர். கப்பல் தூணை எழுப்பிய குழுவில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

"சும்மா நிக்கிறீங்களே தம்பி, இந்த மொனையப் புடிங்க" என்று பதாகையைக் கையில் திணித்தார். பிடித்தேன். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டே இருக்கிறேன்!

"அந்த லோரிக்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். புதுசா ஊசி போடக் கத்துக்கிட்டவ மாதிரி போட்டு விடுறேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என்ன மனிதன் நான்...

நகராண்மைக் கழகம் ஒரு வழி சொன்னது. பழைய தூண்கள் எப்படி இருந்தன என்று காட்டுங்கள். காட்டினால், இருந்தபடியே கட்டித்தர உரிமையாளருக்கு உத்தரவு போடுகிறோம். கல்யாணப் படங்கள் வந்து குவிந்தன. செந்தூலிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் ஆல்பத்தோடு வந்தார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாப் படத்திலும் வாழைத்தார் தூண்! அதன் அருகே நின்று படம் எடுத்தால் குலம் தழைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. கப்பல் தூணுக்கு அருகே நின்றால் மாப்பிள்ளை கப்பலேறிப் போய்விடுவான் என்று கேலி செய்வோம். அந்தப் பக்கம் எந்த ஜோடியும் நிற்கவில்லை. மற்றத் தூண்களைக் காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை.

எனக்குத் தெரியும், அவை எங்கே கிடக்கின்றன என்று.

தனியாகக் கேரி தீவுக்குப் போனேன். செம்பனை நிழலில் சாலையோரம் கப்பல் கிடந்தது. பாதி சேற்றில், பாதி வெளியில். பாய்மரம் உடைந்திருந்தாலும் புகைபோக்கி முழுசாக இருந்தது. கைப்பேசியை எடுத்தேன். ஒரு படம்... ஒரே ஒரு படம் போதும்! 'இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது தம்பி?' என்று மேரி அக்கா கேட்பார் என்று தோன்றியது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கழகத்தின் விசாரணை நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேரி அக்கா தன் ஞாபகத்திலிருந்து வரைந்த கப்பலை மேசைமேல் வைத்தார். அதிகாரி அதை விரல் நுனியால் தள்ளி, "ஞாபகம் ஆதாரமாகாது" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! வியர்வை சிந்திக் கட்டியவர்களின் மகளுக்கு ஆதாரம் இல்லையாம். திருநாளில் வந்து இடித்தவரிடம் புதுக் கட்டடத்துக்கான வண்ண வரைபடம் இருக்கிறதாம்! அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பாதி எழுந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

உரிமையாளரின் வரைபடத்தை ஏற்றுக்கொண்டார்கள். பேரங்காடி வருகிறது. அதன் முகப்பில் 'பாரம்பரியத் தோற்றம்' என்று அச்சில் வார்த்த தூண்கள்... எல்லாம் ஒரே மாதிரி, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் வெற்றுக் குழாய்கள்! இதைத்தான் எங்கள் பாட்டன்மார் நினைவாக நிறுத்துகிறார்களாம். என்ன துணிச்சல்! எனக்குக் கோபம் கொதிக்கிறது. ஆனால் யார்மீது கோபப்படத் தொடங்கினாலும் அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நிற்கிறது. அவர்கள் இடித்தது ஒரு முறை. நான் வாயை மூடிக்கொண்டு ஞாயிறு தவறாமல் இடித்திருக்கிறேன்.

போன மாதம் மறுபடியும் கேரி தீவுக்குப் போனேன். சாலையில் உருளை ஓட்டிச் செம்மண் பரப்பிவிட்டார்கள். செம்பனைக் குலைகள் ஏற்றிய டிராக்டர் ஒன்று அதன்மேல் குலுங்காமல் போனது. இனிக் காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றான பிறகுதான் எனக்கு எழுத வருகிறது. கவனித்தீர்களா?

மேரி அக்கா விடவில்லை. மேல்முறையீடு செய்யப் போகிறாராம். சென்ற ஞாயிறு, கூட்டம் கலைந்ததும் அந்த ஓவியத்தை என்முன் விரித்தார்.

"தம்பி, நீங்க இந்த ஊருலயே வளர்ந்தவரு. இந்தப் பொகபோக்கி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு? வலதா, எடதா? அப்பா சொல்லியிருக்காரு, மறந்துபோச்சு. பத்து நாளா அழிச்சு அழிச்சு வரையிறேன்."

தாள் அந்த இடத்தில் மெலிந்து, ஓட்டை விழும் நிலையில் இருந்தது.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

வலப்பக்கம். வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.