முகவரி கேட்டு வந்தவன்

கும்பகோணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சமையலறைச் சுவரில் என் கணவன் என் தலையை மோதிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அங்கே குக்கர் விசில் அடித்தாலே எங்களுக்குக் கேட்கும். யாரும் வரவில்லை. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், சான்றிதழ்கள் இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு காரைக்கால் பஸ் ஏறினேன். காதுக்குப் பின்னால் முடி ரத்தத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறந்த வீடு காரைக்காலுக்குப் பக்கத்துக் கிராமமான போலகத்தில்தான். அங்கே போகவில்லை. அவன் முதலில் தேடுவது அங்கேதான் என்று எனக்குத் தெரியும். அதோடு, முன்பு ஓடிவந்தபோதெல்லாம் அப்பாவே என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். "மாப்ள நாலு பேரு முன்னாடி கையெடுத்துக் கும்புட்டுட்டாரும்மா. இனிமே கை நீட்ட மாட்டாரு, போ" என்பார். நெல்லும் வயலும் தெரிந்த மனிதர். கும்பிட்ட கை எப்போது ஓங்கும் என்பது அவருக்குத் தெரியாது.

காரைக்காலில் கல்லூரித் தோழி ஒருத்தியின் விடுதி அறையில் தங்கினேன். அவள்தான் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்திருந்தேன். ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியை என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இந்த வேலையைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஃப்ரெண்டு சொன்னா மேடம்."

அவர் சிரித்தார். "நம்ம ஆராய்ச்சியே அதுதான்."

வேலை தேடும் ஆளும் ஆள் தேடும் முதலாளியும் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள் ஆகிறது. பூட்டிக் கிடக்கும் வீடும் வீடில்லாத குடும்பமும் ஒரே தெருவில் இருந்தும் ஏன் சேருவதில்லை. இதுதான் விஷயம். தேடுவதற்கு ஆகும் அலைச்சலைக் குறைத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்று மேடம் நம்பினார். யார் யாரைத் தேடுகிறார்கள் என்று எல்லோருடைய போனிலும் தெரிகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்து பார்ப்பது அவருடைய திட்டம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் வேலையாக, காலையில் கட்டட ஆட்கள் கூடும் முக்குக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு மினி லாரி வந்து நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரி, "நாலு பேரு, கான்கிரீட்டு!" என்று கத்தினார். அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே லாரி மேல் பாய்ந்தார்கள். பின்பலகையில் கால் வைத்த ஒருவரை இன்னொருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். விழுந்தவரின் வாய் பலகையில் இடித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி ஏறினார். மேலே இருந்தவர் அவருடைய விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தார். லாரி போய்விட்டது.

கீழே நின்றவரிடம் தயங்கித் தயங்கித்தான் போனேன். "இன்னைக்கி வேலை எப்படித் தேடுனீங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் பாதிதான் இருந்தது.

"இப்படித்தான் தேடுனேன். எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டேன். மதியம் வரை அந்த ரத்தம் கண்ணிலேயே நின்றது.

இதே நாட்களில் நானும் வீடு தேடிக்கொண்டிருந்தேன். தோழியின் அறையில் எவ்வளவு காலம் இருப்பது? வாடகைக்கு என்று பலகை தொங்கும் வீட்டு வாசலில் நின்றால் முதல் கேள்வி, "சாரு எங்க வேல பாக்குறாரு?" தனியாகத்தான் இருக்கப்போகிறேன் என்றதும் கதவு பாதி மூடிக்கொள்ளும். சிலர் என்ன ஆளுங்க என்று கேட்ட பிறகு மூடுவார்கள். ஒரு வீட்டில் அதற்கு மேலும் நடந்தது. குளியலறையைக் காட்டுகிறேன் என்று பின்னாலேயே வந்த வீட்டுக்காரன் என் இடுப்பைப் பிடித்தான். முழங்கையால் அவன் நெஞ்சில் இடித்தேன். அவன் வாளியில் கால் தட்டி விழுந்தான். நான் தெருமுனை வரை ஓடினேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். அவன் விழுந்த சத்தத்தை நினைக்க உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது.

அதற்குப் பிறகுதான் புரோக்கரிடம் போனேன். ஏற்கெனவே ஆராய்ச்சிக்காக நான் பேட்டி எடுத்திருந்தவர். ஐம்பது வயதுக்காரர், மொபெட்டில் ஊரையே சுற்றுவார், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைதான் அவருக்கு ஆபீஸ். "நீ அலையாதம்மா, நான் பாக்குறேன்" என்றார். பார்த்தும் கொடுத்தார். ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவருடைய கணவர் துபாயில் இருந்தார். அக்கா என் காதோரத் தழும்பைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அடிச்சானா?"

"ஆமாங்கக்கா."

"சரி. மாடிக் கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாப்பா போடச் சொல்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. வெளிப்படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா என்று நினைத்தேன். ஈரப் புடவையை விலக்கிக்கொண்டு என் கணவன் முகம் வந்தது.

"எவ்வளவு நாளாத் தேடுறேன் தெரியுமாடி?"

கத்துவதற்குள் வாயில் அறைந்தான். தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் இழுத்தான். நான் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன். என் இடது மணிக்கட்டைப் பிடித்து, துணி பிழிவது போல முறுக்கினான். உள்ளே ஏதோ உடைந்தது. வலி அப்புறம்தான் வந்தது. முதலில் அந்தச் சத்தம்தான். அவன் தோளில் பல் பதியும்படி கடித்தேன். உப்புக் கரித்தது. வயிற்றில் உதைத்தான். படியில் உருண்டு முற்றத்தில் விழுந்தேன். பின்னாலேயே இறங்கி வந்து முதுகில் மிதித்தான்.

முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அக்கா மீன் வாங்கிக்கொண்டிருந்தார்; அவன் மாடியேறியதை அங்கிருந்து பார்க்க முடியாது. திருவேட்டக்குடியிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் அம்மா, அரிவாள்மணையில் சங்கரா நறுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அந்த அம்மா எழுந்தபோது கை முதலில் அரிவாள்மணைக்குத்தான் போனது.

"அது வேணாங்க! அது வேணாம்!" என்று அக்கா அலறினார்.

அந்த அம்மா அதை விட்டுவிட்டு, மீன் கொண்டுவந்த அலுமினிய அன்னக்கூடையை இரண்டு கையாலும் தூக்கினார். மீனும் ஐஸும் தண்ணீரும் முற்றமெல்லாம் சிதறின. "பொம்பளயப் போட்டு மிதிக்கிறியாடா, நாயே!" அன்னக்கூடையின் விளிம்பு அவன் மூக்கில் விழுந்தது. மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஐஸில் வழுக்கி விழுந்தான். அக்கா ஓடிப்போய் அவன் தப்பிவிடாதபடி கேட்டைப் பூட்டிவிட்டுத் தெருவைப் பார்த்துக் கூப்பாடு போட்டார்.

நான் எழுந்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடந்த குழாய்த் துண்டு வலது கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அவன் முழங்காலில் அடித்தேன். அவன் "வேணாம்மா, வேணாம்மா" என்றான். அந்த வார்த்தையை நான் அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மறுபடி அடித்தேன். அவன் செத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அக்கா பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்து இழுத்தார்.

"போதும்டி. அவன் செத்தா நீதான் உள்ள போவ. குழாயக் கீழ போடு."

போட்டேன். தெருவே கூடியிருந்தது. யாரோ போலீசுக்கு போன் செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் என் கையை எலும்பு சேர்த்துக் கட்டுப் போட்டபோது அக்கா பக்கத்திலேயே நின்றார். மீன் விற்கிற அம்மா மீன் வாடையோடு காவல் நிலையத்துக்கே வந்து, கண்ணால் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எழுதிக்கொண்ட பெண் காவலர், "நீங்க அவர அடிச்சீங்களாம்மா?" என்று கேட்டதற்கு, "அடிச்சேன். என் மீனு பூரா மண்ணாப் போச்சு, அதையும் எழுதிக்கங்க" என்றார்.

அவன் என்னை எப்படிக் கண்டுபிடித்தான் என்பதும் அங்கேதான் தெரிந்தது. காரைக்காலில் வீட்டுப் புரோக்கர்களை ஒவ்வொருவராகப் பார்த்திருக்கிறான். என்னுடைய அண்ணன் என்றும், அம்மா சாகக் கிடக்கிறாள் என்றும் சொல்லி என் போட்டோவைக் காட்டியிருக்கிறான். எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் அதை நம்பி, தன் மொபெட்டிலேயே ஏற்றிக்கொண்டு வந்து தெருமுனையில் இறக்கிவிட்டிருக்கிறார்.

கட்டுப் போட்ட கையோடு டீக்கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். வலது கையால் கன்னத்தில் அறைந்தேன். டீ அவர் வேட்டியில் கொட்டியது. அவர் கையை ஓங்கவில்லை.

"அண்ணன்னு சொன்னாரும்மா. அழுதாரு. நானும் அழுதுட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? என் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?"

"கேக்கணும்னு தோணலம்மா. ஆளத் தேடிச் சேத்து வைக்கிறதுதானே என் தொழிலு."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கட்டுக்குள் கை விண் விண் என்று தெறித்தது.

அடுத்த நாள் ஆபீசுக்குப் போனேன். மேடம் பதறிப்போனார், லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். போன் ஏற்பாட்டை அடுத்து எங்கே தொடங்குவது என்று மேஜையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் வீடு தேடுகிறவரின் பெயர், போன் நம்பர், இப்போது தங்கியிருக்கும் இடம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"மேடம், இது இப்படி வரக்கூடாது" என்றேன்.

"உனக்கு நடந்தது கொடுமைதான். ஆனா ஒருத்தருக்கு நடந்ததை வச்சு முழுத் திட்டத்தையும் மாத்த முடியாதும்மா."

என் முன்னால் இருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிந்தேன். யோசித்துச் செய்யவில்லை. சில்லுகள் கம்ப்யூட்டர் வரை தெறித்தன.

"தேடுறது லேசா இருக்கணும்னு எழுதியிருக்கீங்க மேடம். அவனுக்கும் லேசாத்தான் இருந்துச்சு."

மேடம் எழுந்து வெளியே போனார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் துடைப்பத்தோடு திரும்பி வந்தார். சில்லுகளைத் தானே கூட்டினார். கூட்டி முடித்துவிட்டு, "என்ன மாத்தணும்? சொல்லு" என்றார்.

அன்று முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் வீட்டின் விவரம் மட்டும் எல்லோருக்கும் தெரியும், தேடுகிறவரின் பெயரும் நம்பரும் தெரியாது, பிடித்தால் தேடுகிறவரே கூப்பிடலாம் என்று மாற்றினோம். அதில் நஷ்டமும் இருந்தது. "வர்றது யாருன்னே தெரியாம வீட்ட எப்படிங்க காட்டுறது?" என்று பல வீட்டுக்காரர்கள் விலகிவிட்டார்கள். வீடுகள் மெதுவாகத்தான் சேர்ந்தன. மேடம் அதை ஒரு குறையாகவே அறிக்கையில் எழுதினார். நான் மறுக்கவில்லை; அது உண்மைதான்.

செய்தி கேட்டு அப்பா அரிசி மூட்டையோடு வந்தார். என் கையைப் பார்த்தார். அப்புறம், "கேசு என்னைக்கி வருது? நானும் வர்றேன்" என்றார். இந்த முறை போ என்று சொல்லவில்லை. அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். என் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. மூக்கு கோணிப்போயிருக்கிறது. கோர்ட்டு வராந்தாவில் அவனைப் பார்க்கும்போது என் மணிக்கட்டு தானாகவே வலிக்கிறது. அது இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை.

துபாயிலிருந்து அக்காவின் கணவர் என்னைக் காலி செய்யச் சொல்லச் சொன்னாராம். "நீங்க வந்து சொல்லுங்க, அப்ப பாக்கலாம்" என்று அக்கா போனை வைத்துவிட்டார். நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். கீழே கேட் திறக்கும் சத்தம் வந்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். யார் என்று தெரிந்த பிறகுதான் வேலை ஓடும். அதனால் அக்கா இப்போதெல்லாம் கேட்டைத் திறக்கும்போதே, "நான்தான்டி, நான்தான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வருகிறார்.