செல்வராணி சிஸ்டர் எடுத்துப்போட்ட கம்பளிகள்

பெரம்பலூரில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் நின்றிருந்தேன். எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர் வந்து, "திருச்சியிலேந்து போன் வந்துச்சுங்க. சிஸ்டர் போயிட்டாங்களாம்" என்றார். பக்கவாதம் வந்த நான்காம் நாள் அது.

செல்வராணி சிஸ்டரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் கோபம் தெரியும். குளிர்ச்சியால்தான் கைகால் விழுந்தது என்பது நம்மூர்த் தீர்ப்பு. வாதம் வந்தவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கம்பளியால் மூடிவிட்டுத்தான் உட்காருவார்கள். சிஸ்டர் வந்து எல்லாவற்றையும் கலைப்பார். "அடிபட்ட மூளைங்க. காய்ச்சல் ஏற ஏற இன்னும் கெட்டுப்போவும்" என்பார்.

உடம்பைக் குளிரவைத்தால் மூளையின் சேதம் குறையுமா என்று வெளிநாடுகளில் ஆராய்கிறார்களாம், இன்னும் முடிவு தெரியவில்லையாம் என்று எங்கள் டாக்டர் ஒருநாள் சொன்னார். சிஸ்டர் சிரித்துவிட்டார். "குளிர வைக்கிறது அப்புறம் சார். மொதல்ல இங்க வேக வைக்கிறத நிறுத்துவோம்."

லப்பைக்குடிக்காட்டு அம்மா ஒருவர், மகன் துபாயிலிருந்து அனுப்பிய புலிப்படக் கம்பளியைக் கணவர் மேல் போர்த்தியிருந்தார். காய்ச்சலோ நூற்று மூன்று. சிஸ்டர் எடுத்ததும், "எம்புள்ள அனுப்புனதும்மா, அவரு மேலயே கெடக்கட்டும்" என்று அழுதார். சிஸ்டர் அதை மடித்து அந்த அம்மாவின் மடியில் வைத்து, "நீங்க போத்திக்கங்க. அவருக்கு ஈரத்துணி போதும்" என்றார். சிஸ்டர் ஷிஃப்ட் முடிந்து போனதும் கம்பளி மறுபடி ஏறிவிட்டது. நானும் பார்த்தேன். நமக்கேன் வம்பு என்று போய்விட்டேன்.

அவருக்கே வாதம் வந்த சேதி கேட்டு வண்டியில் வேப்பந்தட்டையிலிருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. இரண்டு கம்பளிக்குள் கிடந்தார். பேச்சு இல்லை. வலக்கை விழுந்துவிட்டது. இடக்கை மட்டும் கம்பளியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"குளிருல கை ஒதறுது பாரு" என்று அவருடைய அண்ணன் அந்தக் கையையும் உள்ளே செருகினார்.

நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. "அண்ணே, கம்பளிய எடுத்துடுங்க, காய்ச்சல் ஏறுது" என்றேன்.

"ஆஸ்பத்திரியில நீங்க சொல்றத நாங்க கேக்குறோம்ல? இது எங்க வூடுங்க."

திருச்சிக்குக் கொண்டுபோக வேன் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன். கை மறுபடி வெளியே வந்தது. அண்ணன் மறுபடி செருகினார்.

கம்பளியை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். சிஸ்டரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கை என்ன கேட்டதென்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் நின்றேனே என்று என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இடக்கைதான். நேற்று வார்டுக்குள் போய் ஒரு பெரியவர் மேலிருந்த கம்பளியை எடுத்தேன். "மருந்து குடுக்குறவருக்கு இங்க என்னங்க வேலை?" என்று அவர் மருமகன் சண்டைக்கு வந்தார். கம்பளியை மடித்து அந்த மருமகன் கையில் கொடுத்துவிட்டு, துணி நனைக்கத் தண்ணீர் எடுக்கப் போனேன்.