பாலத்தில் எதிர்ப்பட்ட ஜீப்

எங்கள் ஊர் மிராசுதாரின் வைக்கோல் கொட்டகையில் ஒரு சீமைக் கார் நின்றது. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். கூரை துணி, மடக்கினால் முதுகுப் பக்கம் போய்விடும். வாலிப வயதில் அவர் அதை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போகும்போது ரோட்டோரத்து மாடுகள் வயலில் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். பெரும்புயல் அடித்த வருஷம் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்து, கார் மூன்று நாள் முழுகிக் கிடந்தது. இன்ஜினுக்குள் சேறு இறங்கி இறுகிப்போனது. அதற்குப் பிறகு அதன் இருக்கையில் கோழிகள்தான் உட்கார்ந்தன.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, திடீரென்று ஒரு நாள் அவருக்கு அந்தக் காரின் மேல் பழைய ஆசை திரும்பியது. குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற புதுச் சட்டமும் அந்த மாதத்தில்தான் எங்கள் ஊருக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் தம்பியான மாமாவுக்கு மட்டும் தோன்றியது. அவர் விவசாயச் சங்கத்தில் இருந்தார். சங்கத்துக்காரர்கள் எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அப்பா மிராசுதாரின் பத்து மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், குத்தகைக்குச் செய்துவந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து எங்கள் கையில் இருந்த நிலம் அது. எழுத்து எதுவும் கிடையாது. அறுப்பு முடிந்ததும் அளக்க வேண்டிய நெல்லை அளந்துவிட்டால் அடுத்த வருஷமும் ஏர் பூட்டலாம், அவ்வளவுதான் ஏற்பாடு. எழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது புதுச் சட்டம். ஊருக்கு வரும் தாசில்தார் முன்னால் உழுகிறவன் நேரில் வந்து நிற்க வேண்டும். இன்ன நிலத்தைச் சாகுபடி செய்வது நான்தான் என்று சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் ஆமாம் என்றால் பெயர் ஏறிவிடும். ஏறிய பிறகு யாரும் அவனை வரப்பிலிருந்து இறக்க முடியாது. மாமா அப்பாவின் பெயரில் மனு எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் தெரியும். பதினைந்து வயதிலிருந்து எட்டு வருஷம், கூத்தாநல்லூரில் ஒரு ராவுத்தர் வைத்திருந்த பஸ் பட்டறையில் இருந்தவர். கல்யாணமும் நிலமும் ஊருக்கு இழுத்து வந்தன. ஊரில் எந்தப் பம்புசெட்டு நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். ஆனால் கார் இன்ஜினில் கை வைத்து வெகு காலமாகியிருந்தது. மிராசுதார் கொட்டகைக்கு அழைத்துக் காட்டியபோது அப்பா பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சுங்கய்யா. சீமைச் சாமானுக்கு எங்க போறது? அம்பாசிடர் இன்ஜின் ஒண்ணு கிடைச்சா இதுல உக்கார வச்சிடலாம். முன்னைவிட இன்னும் வேகமா போகும்" என்றார்.

சேற்றைக் கழுவித் துடைத்து வைத்தால் போதும் என்றுதான் மிராசுதார் கேட்டிருந்தார். வேறு இன்ஜினை ஏற்றும் யோசனை அப்பாவுடையது. இதை நான் மறைக்கக் கூடாது.

கும்பகோணம் ரோட்டில் மரத்தில் மோதி நசுங்கிய ஓர் அம்பாசிடரிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. அன்றைக்குத் தொடங்கி அப்பா கொட்டகையிலேயே கிடந்தார். மூன்று மூங்கிலை முக்காலியாகக் கட்டி, சங்கிலி போட்டு, பழைய இன்ஜினை வெளியே தூக்கினார். புதியது உள்ளே போனது, ஆனால் உட்காரவில்லை. தாங்கிப் பிடிக்கும் இரும்புகள் ஓரிடத்தில் இருந்தன, இன்ஜினின் துளைகள் வேறிடத்தில் இருந்தன. பழைய வண்டிச் சக்கரத்துப் பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துப் புதுத் தாங்கிகள் செய்தார். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு ஒரு சாண் கூடுதலாக நீண்டிருந்தது. அதை மன்னார்குடி லேத்துப் பட்டறைக்குத் தூக்கிப் போய் அறுத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்த பிறகு பானட் மூடவில்லை. இன்ஜினின் தலை இரண்டு விரல் மேலே நின்றது. அப்பா பானட் தகரத்தில் ஒரு சதுரம் வெட்டி, அந்த இடத்தில் காளையின் திமில் போல ஒரு மேட்டைத் தட்டி வைத்தார். அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

சம்பா நாற்று வேர் பிடிக்கும் காலம் அது. அம்மா தனியாகத் தண்ணீர் பார்த்தாள், களை எடுத்தாள். அதுவரை அப்பாவை "டேய்" என்று மட்டும் கூப்பிட்டுவந்த மிராசுதார், "மெக்கானிக்" என்று கூப்பிடத் தொடங்கினார். பத்து நாளில் ஊரே அப்படிக் கூப்பிட்டது. அவர் ஒரு காக்கிக் கால்சட்டையும் கொடுத்தார். அப்பா அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது என்னால் நேராக நடக்க முடியவில்லை, அவ்வளவு பெருமை.

மாமா ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"வரப்புல உங்க தலையையே காணுமேன்னு ஊர்ல கேக்கிறாங்க மச்சான்."

"இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"எது, காரா, நிலமா?"

அப்பா காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டாமலே, "உனக்கு எப்பப் பாத்தாலும் கூட்டத்துல பேசுற மாதிரியே பேசணும்" என்றார்.

"பேசல. வியாழக்கிழமை மட்டும் எங்கேயும் போயிடாதீங்க, அவ்வளவுதான்."

"நான் எங்கடா போவப் போறேன்?"

வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. தாசில்தார் உட்கார ஊரில் வேறு நல்ல கட்டடம் இல்லாததால் விசாரணையை அங்கேதான் வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பம். எட்டு மணிக்கு எங்கள் வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. பச்சை வர்ணம் புதிதாக அடித்திருந்தது. மிராசுதாரே ஓட்டி வந்திருந்தார். ஆட்சி மாறியதிலிருந்து அவர் போட்டுக்கொள்ளும் ஆளுங்கட்சிக் கரைத்துண்டு தோளில் கிடந்தது.

"ஏறு மெக்கானிக். திருத்துறைப்பூண்டி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடுவோம்."

அப்பா கைநாட்டு வைக்கப் போவதற்காக வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். "இன்னைக்கு விசாரணைங்கய்யா" என்றார்.

"தெரியாதா எனக்கு? என்னையுந்தான் கூப்பிட்டிருக்காங்க. நான் இல்லாம யாரை விசாரிப்பாங்க? ஒம்போதரைக்கு ரெண்டு பேருமா வந்து இறங்குவோம்."

"இல்லைங்கய்யா, நாளைக்கு வேணா..."

"நடுவழியில நின்னுடுச்சுன்னா நான் யாரைப் பிடிக்கிறது? நீ வச்ச இன்ஜின், உனக்கே நம்பிக்கை இல்லையா?"

இந்தப் பேச்சு நடக்கும்போதே நான் காருக்குள் ஏறிவிட்டேன். இருக்கைகளுக்குப் பின்னால் துணிக்கூரை மடங்கிக் கிடந்த இடுக்கில் என் உடம்பு சரியாகப் பொருந்தியது. அப்பா, "இறங்குடா" என்றார். நான் இறங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தார். இருக்கையின் முதுகைக் கட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

"புள்ளை ஆசைப்படுறான்" என்றார் மிராசுதார். "நீயும் உள்ள வா."

அப்பா வீட்டுக்குள் போய், வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, காக்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அப்போது வயலில் இருந்தாள். மிராசுதாருக்கு எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது அவர் பக்கத்திலேயே, அதே உயரத்தில் உட்கார்ந்தார். முதலில் கதவை ஒட்டிக்கொண்டு நுனியில்தான் இருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் சாய்ந்துகொண்டார்.

ஒரு மைல் போயிருப்போம். வாய்க்கால் பாலத்தில் எதிரே ஒரு ஜீப் வந்தது. பாலம் ஒரு வண்டிக்குத்தான் இடம் கொடுக்கும். மிராசுதார் காரைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டினார். ஜீப்பில் இருந்தவர் கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். மிராசுதார் கையைத் தூக்கினார். அவர் லேசாகத் தலையசைத்தார். அப்பாவும் எழுந்தும் எழாமலும் ஒரு கும்பிடு போட்டார். நான் டாட்டா காட்டினேன்.

"தாசில்தாருங்களே அவரு" என்றார் அப்பா.

"அவரு போயி, காபி குடிச்சு, வெத்தலை போட்டு ஆரம்பிக்கவே பதினொண்ணு ஆயிடும்."

நான் அழுததால்தான் அப்பா காரில் ஏறினார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பாலத்தில் கார் நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கியிருந்தால் அரைமணி நடையில் பள்ளிக்கூடம். அப்பா கதவுப் பிடியில் கை வைத்ததையும் நான் பார்த்தேன். அதே நேரம் மிராசுதார் கியர் போட்டு அழுத்தினார். இன்ஜின் ஒரு தடங்கலும் இல்லாமல் எடுத்தது. அப்பா பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டார். மூன்றாம் கியர் விழுந்தபோது சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

திருத்துறைப்பூண்டி வந்தது. மிராசுதார் காரைத் திருப்பவில்லை. "இன்னும் சூடே ஏறல பாரு. நாகூர் வரைக்கும் ஒரு அழுத்து அழுத்திடுவோம்" என்றார். அப்பா இரண்டு முறை ஏதோ சொன்னார்; காற்றில் கேட்கவில்லை. நாகூரில் தர்கா தெருவில் மிராசுதார் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தார். அதுவரை அப்பா கார் பக்கத்தில் நின்றார், உட்கார்ந்தார், ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், மூடினார். பஸ்ஸில் போய்விடலாமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன பயன்? கார் இருக்கும்போது பஸ் எதற்கு என்றேன்.

நாங்கள் திரும்பியபோது அம்மா கையிலிருந்த களைக்கொட்டைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றாள். மாமா பக்கத்தில் இருந்தார்.

"மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்" என்றாள் அம்மா.

"நான் எந்திரிச்சு, இப்ப வந்துடுவாருங்கன்னு சொன்னேன்" என்றார் மாமா. "யாரோ, அவரு மிராசுதாரோட கார்ல போயிட்டாருன்னாங்க, தாசில்தார் சிரிக்கிறாரு. வழியில பாத்தேனே, முதலாளி பக்கத்துல கார்ல உக்காந்து போறாரு, இவரா குத்தகைக்காரருன்னு கேக்கிறாரு. பக்கத்து வயல்காரனுங்க வாயே திறக்கல. அவங்க வயலும் மிராசுதாரோடதுதானே."

"அவரும் வரணுமே. ரெண்டு பேரும் சேந்து வரலாம்னுதான்..."

"அவருக்குப் பதிலா பண்ணைக் கணக்குப்பிள்ளை காலையிலேயே கடுதாசியோட வந்து உக்காந்துட்டாரு மச்சான். நீங்க பண்ணையில கார் வேலை பாக்குறவராம். காக்கிக் கால்சட்டைகூட பண்ணையில குடுத்ததாம்."

அப்பா குனிந்து தம் கால்சட்டையைப் பார்த்தார்.

மேல்முறையீட்டுக்கு மாமா அலைந்தார், அதுவும் நிற்கவில்லை. அந்தச் சம்பாவை அறுத்ததோடு நாங்கள் வயலை விட்டோம். அடுத்த தேர்தலில் அமைச்சர் ஒருவர் எங்கள் பக்கம் வந்தபோது மிராசுதார் அவரை இந்தக் காரில் நிற்க வைத்து ஓட்டினார். உழுகிறவர்களுக்கு உரிமை வாங்கித் தந்ததைப் பற்றி அமைச்சர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே போனார். இன்ஜின் எங்கும் நிற்கவில்லை. அப்பா அப்போது திருவாரூரில் ஒரு லாரிப் பட்டறையில் கூலிக்கு இருந்தார். பிறகு நான் கல்லூரிக்குப் போனதும், அந்தச் சட்டத்தை நானே எடுத்து வரிவரியாகப் படித்ததும் அந்தப் பட்டறைக் கூலியில்தான். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இவையெல்லாம் பின்னால் நடந்தவை. தீர்ப்பு எங்களுக்குத் தெரிந்த காலையைச் சொல்ல வேண்டும்.

விசாரணை முடிந்து ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்துச் சுவரில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் ஊரில் இல்லை. மாமா மன்னார்குடிக்குப் போயிருந்தார். கூட்டத்தில் இருந்தவர்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். என்னைத் தூக்கி ஒரு பெஞ்சின் மேல் நிறுத்தினார்கள். புல எண், ஊர், பெயர் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சிலர் பெயர் வந்ததும் அங்கங்கே மூச்சு விட்டார்கள். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. இனிஷியலோடு, பிழையில்லாமல் இருந்தது. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மனுதாரர் விசாரணையில் ஆஜராகவில்லை, அவர் பண்ணையில் மோட்டார் வேலை செய்யும் ஆள், நிலம் நிலச் சொந்தக்காரரின் நேரடிச் சாகுபடியில் உள்ளது, மனு ஏற்கப்படவில்லை என்று கடைசி வரை ஒரே மூச்சில் படித்தேன். மற்றவர்களுக்கு ஒரு வரிதான் இருந்தது. அப்பாவுக்கு மட்டும் நான்கு வரி.

"இன்னொரு தடவை படி" என்றார் அப்பா.

இன்னும் தெளிவாகப் படித்தேன்.

"எந்த இடத்துல இருக்கு என் பேரு?"

விரல் வைத்துக் காட்டினேன். அப்பா கூட்டத்துக்குள் நகர்ந்து வந்து, நான் விரலை எடுத்த இடத்தில் தம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே நின்றார். பின்னால் இருந்தவர்கள் தங்கள் பெயரைப் பார்க்க முண்டினார்கள். சர்க்கார் தாளில் ஏறிய தம் பெயரை அப்பா ஆசைதீரத் தொட்டுப் பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

பெஞ்சின் மேல் நின்றபடி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அப்பா பாக்குறாங்கல்ல" என்று எல்லோரையும் அதட்டினேன்.